திருகோணமலை மாவட்ட அரச பாடசாலை ஆசிரியர்களின் சங்க உரிமையும் பதவிப் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய ஐந்து கல்வி வலயங்களிலும் கற்பிக்கும் ஆசிரியர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. நியாயம் தம் பக்கம் இருந்தும் திகதி தவறியதாலும் கடிதம் கையில் இல்லாததாலும் தோற்றுப்போகும் ஆசிரியர்கள் ஏராளம். அதனால் சட்டத்தின் பெயரைச் சொல்வதோடு நில்லாமல், எந்தக் கடிதத்தை யாருக்கு எப்போது அனுப்புவது என்பதையும் எழுதியிருக்கிறோம்.

நான் இலங்கை ஆசிரியர் சேவையில் இருக்கிறேன். என் நியமன அதிகாரி மாகாணமா, கொழும்பா?

எல்லாவற்றுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மாகாணப் பாடசாலை ஆசிரியரும் தேசிய பாடசாலை ஆசிரியரும் ஒரே சேவைப் பிரமாணத்தின் கீழ்தான் வருகிறார்கள். 2014 ஒக்டோபர் 23ஆம் திகதிய 1885/38ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வெளியானது அது. ஆனால் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று ஆகிய மூன்றையும் கையாளும் அதிகாரம் வெவ்வேறு இடங்களில் இருக்கிறது.

மாகாணப் பாடசாலை என்றால் 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின்படி அதிகாரம் ஆளுநரிடமும் அவர் வழியாக கிழக்கு மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவிடமும் இருக்கிறது. அன்றாட அதிகாரங்கள் மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளர், மாகாணக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர் என்று கீழே பகிரப்பட்டிருக்கும். தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சும் தேசிய அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கல்விச் சேவைக் குழுவும். மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்த பிறகு தெரிவுசெய்யப்பட்ட மாகாண அமைச்சர் எவரும் இல்லை. ஆகவே முன்பு அமைச்சரிடம் கொண்டுபோன முறைப்பாடு இப்போது செயலாளரிடமும் ஆளுநரிடமும் போகிறது.

நியமனக் கடிதத்தின் அடியில் யார், எந்த அதிகாரத்தின் பெயரில் கையொப்பமிட்டிருக்கிறார் என்று பாருங்கள். மாகாணப் பாடசாலையாக இருந்து தேசிய பாடசாலையாகத் தரமுயர்ந்த பாடசாலை என்றால் அதன் பின் உங்களுக்கு வந்த கடிதத்தையும் சேர்த்துப் பாருங்கள். முகவரி பிழையான மேன்முறையீடு மாதக்கணக்கில் மேசைக்கு மேசை அலையும். உங்கள் காலக்கெடு அதற்காகக் காத்திருக்காது.

"நிரந்தரமானதும் ஓய்வூதியத்துக்குரியதும்" என்று கடிதத்தில் இருக்கிறது. அப்படியென்றால் என்னை நீக்க முடியாதா?

முடியும், ஆனால் முறைப்படிதான் முடியும். எழுத்தில் குற்றச்சாட்டு, பதிலளிக்க அவகாசம், முறையான விசாரணை, அதிகாரமுள்ளவரின் கட்டளை ஆகியவற்றில் ஒன்று விடுபட்டாலும் அந்தக் கட்டளையை எதிர்த்து நிற்க இடமுண்டு. பதவிப் பாதுகாப்பு என்று நாம் சொல்வது இந்த முறையைத்தான். வகுப்புக்குப் போகாத, பிள்ளைகளைத் துன்புறுத்தும் ஆசிரியருக்கு அது ஆயுட்காலக் காப்புறுதி ஆகாது, ஆகவும் கூடாது.

நிரந்தரமாக்கலுக்கு முன் 3 வருட தகுதிகாண் காலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பாதுகாப்பு மெல்லியது. காரணம் கூறாமலே நியமனத்தை முடிவுறுத்தலாம் என்ற நிபந்தனை நியமனக் கடிதங்களில் வழக்கமாக இருக்கும். 3 வருடம் முடிந்ததும் தானாகவே நிரந்தரமாகிவிடுவோம் என்று நம்பிப் பேசாமல் இருப்பவர்கள்தான் அதிகம். நியமனத்தை உறுதிப்படுத்தும் கடிதம் தனியாக வரவேண்டும். சான்றிதழ்களின் மெய்த்தன்மை உறுதிப்படுத்தல், மருத்துவ அறிக்கை, அரசியலமைப்புச் சத்தியப்பிரமாணம், வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சை ஆகியவற்றில் ஒன்று சுயவிபரக் கோவையில் இல்லாவிட்டால் கடிதம் நிற்கும். கூடவே சம்பள ஏற்றமும் தரவுயர்வும் நிற்கும். மூன்றாம் வருடத்தின் நடுப்பகுதியிலேயே வலயக் கல்விப் பணிமனையின் தாபனக் கிளைக்குப் போய் கோவையில் என்ன இல்லை என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொண்டர் ஆசிரியருக்கும், பாடசாலையில் இணைக்கப்பட்ட அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் இதே பாதுகாப்பு உண்டா?

அபிவிருத்தி உத்தியோகத்தர் அரச ஊழியர்தான், ஆனால் ஆசிரியர் சேவையைச் சேர்ந்தவர் அல்லர். ஒழுக்காற்றுப் பாதுகாப்பு உண்டு. ஆசிரியர் சேவையின் தரம், சம்பள அளவு, இடமாற்றக் கொள்கை எதுவும் பொருந்தாது. ஐந்து பாடவேளை எடுத்தாலும் இருபத்தைந்து எடுத்தாலும் அது மாறாது.

தொண்டர் ஆசிரியரின் நிலை வேதனையானது. போர்க்காலத்தில் மூதூர் கிழக்கிலும் வெருகலிலும் குச்சவெளியிலும் பல பாடசாலைகளைத் திறந்து வைத்திருந்தவர்கள் அவர்கள். சட்டப்படி அவர்களுக்குப் பதவி இல்லை. ஆசிரியர் சேவைக்குள் உள்ளீர்ப்பதற்கான நேர்முகத் தேர்வு எப்போது வந்தாலும் கேட்கப்படுவது ஆதாரம்: வரவுப் பதிவேட்டின் பிரதி, நேரசூசி, சம்பவத்திரட்டில் (பாடசாலையின் அன்றாட நிகழ்வுப் பதிவேடு) உங்கள் பெயர் வரும் பக்கம், கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஒப்பமிட்ட சேவைச் சான்று. அதிபர் மாறும்போது பழைய பதிவேடுகள் காணாமற்போவது வழக்கம். ஒவ்வொரு தவணை முடிவிலும் அதிபரின் உறுதிப்படுத்தலோடு பிரதி எடுத்து வைப்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இங்கே இல்லை.

சங்கத்தில் சேர்வது கட்டாயமா? எதில் சேர்வது?

கட்டாயமில்லை. சேர்வதும் சேராதிருப்பதும் உங்கள் விருப்பம். தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவுமான சுதந்திரம் அரசியலமைப்பின் 14(1) உறுப்புரையில் இருக்கிறது. சங்க சுதந்திரம் பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 87ஆவது சமவாயத்தை இலங்கை 1995இல் ஏற்புறுதி செய்தது. நீங்கள் எழுத்தில் ஒப்புதல் தராமல் சம்பளத்திலிருந்து சந்தா கழிக்க முடியாது. ஒப்புதலை எழுத்து மூலமே மீளப்பெறலாம்; கடிதத்தைச் சங்கத்துக்கும் சம்பளக் கிளைக்கும் சேர்த்து அனுப்பவேண்டும். சங்கத்துக்கு மட்டும் சொன்னால் கழிப்பு நிற்காது.

இலங்கை ஆசிரியர் சங்கம், இலங்கைத் தமிழர் ஆசிரியர் சங்கம், இலங்கை ஆசிரியர் சேவைச் சங்கம் போன்றவை நாட்டில் அறியப்பட்டவை. பெயரையும் கட்சிச் சார்பையும் பார்ப்பதற்கு முன் சில விடயங்களைக் கேளுங்கள். உங்கள் வலயத்தில் கிளை இயங்குகிறதா? கடந்த இடமாற்றச் சபையில் அந்தச் சங்கத்தின் பிரதிநிதி இருந்தாரா? ஒழுக்காற்று விசாரணையில் உறுப்பினருக்காக ஆஜராகும் அனுபவமுள்ளவர் இருக்கிறாரா? ஆண்டுக் கணக்கறிக்கையை உறுப்பினருக்குக் காட்டுகிறார்களா? பிரச்சினை வந்த பிறகு சேர்பவரைச் சங்கம் கைவிடாது. ஆனால் இடமாற்றச் சபை கூடி முடிந்த பிறகு வருபவருக்காகச் செய்யக்கூடியது குறைவு.

எங்கள் கோட்டத்து ஆசிரியர்கள் சேர்ந்து தனிச் சங்கம் தொடங்கலாமா?

தொடங்கலாம். 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டப்படி ஆகக் குறைந்தது 7 உறுப்பினர்கள் ஒப்பமிட்டு, யாப்பையும் உத்தியோகத்தர் விபரத்தையும் இணைத்து, சங்கம் உருவாகி 3 மாதத்துக்குள் தொழிற்சங்கப் பதிவாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அரச ஊழியர் சங்கங்களுக்கு அந்தச் சட்டத்தில் தனி நிபந்தனைகள் உண்டு. யாரை உறுப்பினராக்கலாம், வேறு சங்கங்களோடு இணையலாமா என்பவற்றை யாப்பு எழுதுமுன் படியுங்கள். பதிவு கிடைப்பதோடு வேலை முடியாது. ஆண்டுதோறும் வரவுசெலவுக் கூற்று அனுப்பத் தவறினால் பதிவு இரத்தாகலாம். சிறு சங்கங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகின்றன.

எங்கள் கருத்து: ஒரு வலயத்தில் நான்கு சிறு சங்கங்கள் இருப்பதைவிட, ஒரே பெரிய சங்கத்தில் உயிருள்ள கிளை ஒன்று இருப்பது ஆசிரியருக்கு அதிகம் உதவும்.

இடமாற்றக் கட்டளை வந்திருக்கிறது. போகாமல் இருந்து எதிர்க்கலாமா?

வேண்டாம். முதலில் கடமையேற்பு, பிறகு மேன்முறையீடு. விடுவிப்புத் திகதிக்குப் பின் பழைய பாடசாலையில் நீங்கள் இடும் ஒப்பத்துக்கு மதிப்பில்லை. புதிய பாடசாலையிலும் ஒப்பம் இல்லை. சம்பளம் நிற்கும். அது நீண்டால் பதவியை வறிதாக்கியதாக, அதாவது நீங்களே கைவிட்டதாக, கடிதம் வரும். அப்போது இடமாற்றம் நியாயமா என்ற கேள்வி மறைந்து, ஏன் கடமைக்கு வரவில்லை என்ற கேள்வியே முன்னுக்கு நிற்கும். கட்டளை நடைமுறைக்கு வரும் திகதிக்கு முன் மேன்முறையீட்டை ஏற்று, தீர்மானம் வரும்வரை பழைய இடத்தில் இருக்க எழுத்தில் அனுமதித்தால் மட்டும் இருக்கலாம். "பார்த்துக்கொள்ளலாம் ரீச்சர், இருங்கோ" என்ற வாய்ச்சொல்லை நம்பி இருக்கவேண்டாம்.

எந்த வகை இடமாற்றம் என்று கட்டளையில் பாருங்கள். வருடாந்த இடமாற்றம், சேவையின் தேவை கருதிய இடமாற்றம், ஒழுக்காற்றுக் காரணத்தால் செய்யும் இடமாற்றம், சொந்த வேண்டுகோளின் பேரில் அல்லது ஒத்துமாறல் என நான்கு வழிகள் உண்டு. வருடாந்த இடமாற்றத்துக்கு 2007/20ஆம் இலக்கத் தேசிய ஆசிரியர் இடமாற்றக் கொள்கைச் சுற்றறிக்கை அடிப்படை. மாகாணமும் அவ்வப்போது தன் நிபந்தனைகளை வெளியிடும். இந்த வழியில் சங்கப் பிரதிநிதிகள் அமரும் இடமாற்றச் சபை இருக்கிறது. விண்ணப்பங்களை நிரல்படுத்துவதும், கஷ்டப் பிரதேச சேவையைக் கணக்கெடுப்பதும், மேன்முறையீட்டைக் கேட்பதும் அங்கே நடக்கும். ஆகவே சபை கூடுவதற்கு முன்பே உங்கள் சேவைக்கால விபரம் சங்கப் பிரதிநிதியின் கையில் இருக்கவேண்டும்.

அதிகம் துர்ப்பிரயோகமாவது "சேவையின் தேவை கருதி" என்ற வழி. அதிபரோடு முரண்பட்ட ஆசிரியர் ஒருவர் ஆண்டின் நடுவில், பதிலீடு இல்லாமல், தன் பாடத்துக்கு ஏற்கெனவே போதிய ஆசிரியர் உள்ள பாடசாலைக்கு அனுப்பப்பட்டால் அங்கே சேவைத் தேவை எது? குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லாமல் கொடுக்கும் தண்டனை அது. இதை நிறுவ உங்களுக்குத் தேவை இரண்டு பாடசாலைகளினதும் பாடவாரியான ஆளணி விபரம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயத் தகவல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். 14 வேலைநாளுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், அங்கும் மறுத்தால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் போகலாம். ஆனால் தகவல் வரும்வரை மேன்முறையீட்டைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் அனுப்புங்கள்.

மேன்முறையீடு அதிபர், வலயப் பணிப்பாளர் ஊடாக உரிய வழியில் போகவேண்டும். அதன் ஒரு பிரதியை மாகாண ஆணைக்குழுவுக்கு நேரே பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்து ஒட்டிவையுங்கள். கடிதம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டவேண்டாம். கட்டளையின் இலக்கமும் திகதியும், மொத்தச் சேவைக்காலம், கஷ்ட மற்றும் அதிகஷ்டப் பிரதேசத்தில் செய்த காலம், எந்த நிபந்தனை மீறப்பட்டது, என்ன நிவாரணம் வேண்டும் என்ற வரிசையில் எழுதினால் வாசிப்பவருக்குத் தீர்மானிக்க எளிது. அதிபரின் குணத்தைப் பற்றி எழுதும் பந்திகள் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

தூரத்தைக் காரணமாகக் காட்டுவோர் கவனிக்கவேண்டிய ஒன்று: 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, பின்னர் மட்டக்களப்பு வீதியின் மற்றப் பாலங்களும் வந்த பிறகு "போக்குவரத்துக் கஷ்டம்" என்ற பொதுச்சொல் எடுபடுவதில்லை. வீட்டிலிருந்து ஈச்சிலம்பற்றுக்கோ புல்மோட்டைக்கோ முதல் பஸ் எத்தனை மணிக்கு, எத்தனை இடத்தில் மாறவேண்டும், பாடசாலைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று எழுதுங்கள். நோய் என்றால் அரச வைத்தியசாலை விசேட நிபுணரின் அறிக்கை. கைக்குழந்தை என்றால் பிறப்புச் சான்றிதழ். தாய் தந்தையரைப் பராமரிப்பதென்றால் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல்.

"நாளையிலிருந்து மற்றப் பாடசாலைக்குப் போங்கோ" என்று அதிபர் வாயால் சொல்கிறார்.

வாய்மொழிக் கட்டளையில் பாடசாலை மாறாதீர்கள். தற்காலிக இணைப்புக்கும் அதிகாரமுள்ள அலுவலரின் கடிதம் வேண்டும். கடிதத்தில் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் இருக்கவேண்டும். முடிவுத் திகதி இல்லாத இணைப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டுபோவதை இந்த மாவட்டத்தில் எல்லோரும் அறிவர். சம்பளம் ஒரு பாடசாலையில், கடமை இன்னொன்றில் என்றிருந்தால் இடமாற்றப் புள்ளியும் கஷ்டப் பிரதேச சேவைக் கணக்கும் குழம்பும். வகுப்பறைக்குள் விடவில்லை என்றால், வழமைபோல் வந்து வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட முயன்றதை அன்றே எழுதி, அதிபருக்கும் கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கும் கொடுத்து, பெற்றதற்கு ஒப்பம் வாங்குங்கள்.

குற்றச்சாட்டுப் பத்திரம் வந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில், பெற்ற திகதியை உறையின் மேலேயே எழுதிவையுங்கள். பதிலளிக்கவேண்டிய கடைசித் திகதி பத்திரத்தில் இருக்கும். அந்தத் திகதிக்குள் பதில் போகாவிட்டால் உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று கருதி மேலே செல்ல அவர்களுக்கு இடமிருக்கிறது. அவகாசம் போதாதென்றால் திகதி முடியுமுன் எழுத்தில் நீடிப்புக் கேளுங்கள்.

ஒழுக்காற்று நடைமுறையின் அடிப்படை, அரச ஊழியருக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது: 47ஆம் அத்தியாயம் நடத்தை பற்றியது, 48ஆம் அத்தியாயம் விசாரணை முறை பற்றியது. ஆணைக்குழுக்களின் நடைமுறை விதிகள் அதோடு சேரும். குற்றங்கள் இரண்டு அட்டவணைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதலாம் அட்டவணையில் உள்ளவற்றுக்குப் பதவி நீக்கம்வரை போகலாம். இரண்டாம் அட்டவணையில் உள்ளவற்றுக்குக் கண்டனம், சம்பள ஏற்றம் பிற்போடல் போன்ற இலகுவான தண்டனைகள். உங்கள் பத்திரம் எந்த அட்டவணையின் கீழ் என்று பார்த்தால்தான் ஆபத்தின் அளவு புரியும்.

அதற்கு முன் நடந்த ஆரம்ப விசாரணையில் வாக்குமூலம் கொடுத்திருப்பீர்கள். அங்கேதான் அதிகம்பேர் இடறுகிறார்கள். அறிமுகமான அலுவலர் வந்து "சும்மா ரெண்டு கேள்வி" என்பார், பதற்றத்தில் சொன்னதை அவர் தன் சொற்களில் எழுதுவார், வாசிக்காமல் ஒப்பமிடுவார்கள். வாக்குமூலத்தை முழுதாக வாசியுங்கள். பிழையைத் திருத்தி, திருத்திய இடத்தில் ஒப்பமிடுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் ஒப்பமிடாதீர்கள்.

பதிலில் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் இலக்கமிட்டு ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று தெளிவாகச் சொல்லவேண்டும். குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களைப் பார்வையிடக் கேளுங்கள். உங்கள் பக்கச் சாட்சிகளின் பெயரையும் ஆவணங்களின் பட்டியலையும் கொடுங்கள். முறையான விசாரணையில் உங்களுக்காக ஆஜராக ஒருவரை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. பொதுவாக இன்னொரு அரச உத்தியோகத்தர், ஓய்வுபெற்றவர் அல்லது சங்கப் பிரதிநிதி வருவார். சங்கச் சந்தா உண்மையிலேயே பயன்படும் இடம் இது. நன்றாகக் குறுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் பத்து ஆர்ப்பாட்டங்களைவிட உங்களுக்கு உதவுவார்.

பணித்தடை செய்யப்பட்டால், அதாவது விசாரணை முடியும்வரை கடமையிலிருந்து நிறுத்தப்பட்டால், குற்றச்சாட்டின் தன்மையைப் பொறுத்துப் பாதிச் சம்பளமோ சம்பளமின்மையோ இருக்கும். கட்டளையில் அதைப்பற்றி எதுவும் இல்லையென்றால் உடனே எழுதிக் கேளுங்கள். பணித்தடை தண்டனை அல்ல. விசாரணையில் குற்றமற்றவர் என்று முடிந்தால் பிடித்துவைத்த சம்பளத்தைக் கோரலாம்.

கொழும்பிலிருந்து கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்திருக்கிறது.

வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை அதைச் சொல்கிறது. தமிழில் தொடர்பாடல் பெற உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ்ப் பிரதி கேட்டு உடனே எழுதுங்கள். பதிலளிக்கும் காலம் தமிழ்ப் பிரதி கிடைத்த நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஆனால் கடைசித் திகதி நெருங்கினால், தமிழ்ப் பிரதி வரவில்லை என்ற குறிப்போடு ஒரு தற்காலிகப் பதிலையாவது அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம்.

மாணவனை அடித்ததாக முறைப்பாடு. சங்கம் காப்பாற்றுமா?

முறையான விசாரணை கிடைப்பதைச் சங்கம் உறுதிசெய்யும், செய்யவேண்டும். அடித்ததை மறைக்க உதவக் கூடாது. உடல்ரீதியான தண்டனை 2005/17ஆம், 12/2016ஆம் இலக்கச் சுற்றறிக்கைகளால் தடுக்கப்பட்டது. தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவில் சிறுவர் கொடுமை குற்றம். 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்த்து, அரசு 5 இலட்சம் ரூபாவும் ஆசிரியர் தன் சொந்தப் பணத்தில் 1 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவும் செலுத்தக் கட்டளையிட்டது. "நல்லதுக்குத்தான் அடிச்சனான்" என்ற விளக்கம் இன்று எந்த விசாரணையிலும் நிற்காது.

பொய் முறைப்பாடும் வருவதுண்டு. அப்படி வந்தால் பெற்றோரின் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசாதீர்கள், பணம் கொடுக்காதீர்கள், மாணவனிடம் கடிதம் வாங்காதீர்கள். மூன்றும் சாட்சியைக் கலைக்கும் முயற்சியாகவே எழுதப்படும்.

வேலைநிறுத்தம் செய்தால் வேலை போகுமா?

அறிவிக்கப்பட்ட ஒருநாள் சுகவீன விடுமுறைப் போராட்டத்தால் பதவி போனதாக நாங்கள் அறியவில்லை. அந்த நாளின் சம்பளம் போகலாம். ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 1980 ஜூலை பொது வேலைநிறுத்தத்தில் 40,000 அளவிலான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். பலருடைய குடும்பங்கள் அதிலிருந்து எழவேயில்லை. 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் ஒரு சேவை அத்தியாவசியமானது என வர்த்தமானியில் வந்துவிட்டால் கடமைக்கு வராதிருப்பதே குற்றமாகும். ஆகவே போராட்டத்துக்கு முதல்நாள் இரவு வரை வர்த்தமானியைப் பாருங்கள்.

2021இல் நடந்ததைப் படித்துப் பார்ப்பது நல்லது. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச்செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோர் கைதாகி, முல்லைத்தீவில் தனிமைப்படுத்தலுக்கு அனுப்பப்பட்டனர். ஜூலை 12இலிருந்து ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். 1997 முதல் இழுபட்ட சம்பள முரண்பாடு கோரிக்கையின் மையத்துக்கு வந்தது. நூறு நாளைத் தாண்டி நீடித்த போராட்டம், சம்பள முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழுவின் அறிக்கை சொன்ன அதிகரிப்பில் மூன்றிலொரு பங்கை 2022 ஜனவரியிலிருந்து பெற்றுத் தந்தது. மிகுதிக்காக 2024 ஜூன் 26இல் மீண்டும் சுகவீன விடுமுறைப் போராட்டம் நடந்து, கொழும்பில் கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் வீசப்பட்டன. அந்த மாதங்களில் பாடம் இழந்தவர்கள் பிள்ளைகள்தான். தொலைபேசியும் சிக்னலும் இல்லாத கிராமத்துப் பிள்ளைகள் முன்பே இழந்திருந்தார்கள். அதற்கு ஈடுசெய்யும் வகுப்புகளைத் திட்டமிடுவதும் சங்கத்தின் கடமை என்றே நாங்கள் நினைக்கிறோம்.

தொழில் நியாயசபைக்குப் போகலாமா?

அரச பாடசாலை ஆசிரியர் போகமுடியாது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், தொழில்தருநர் என்ற நிலையில் அரசுக்குப் பொருந்தாது. தனியார் பாடசாலையிலோ சர்வதேசப் பாடசாலையிலோ கற்பிப்பவர்கள் போகலாம்.

உங்களுக்கு இருப்பவை வேறு வழிகள். மாகாண ஆசிரியருக்கு, மாகாண ஆணைக்குழுவின் கட்டளையை மாற்றவும் இரத்துச் செய்யவும் ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. அதற்குப் பிறகு, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வழங்கிய நியாயாதிக்கத்தின் கீழ் திருகோணமலையில் உள்ள மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு, அதாவது அதிகாரியின் கட்டளையை இரத்துச் செய்யக் கோரும் மனு. கொழும்புக்குப் போகாமல் இங்கேயே செய்யக்கூடியது என்பதால் இது பெரிய வசதி. தேசிய பாடசாலை ஆசிரியர் 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபைக்குப் போகவேண்டும். தேசிய ஆணைக்குழுவின் தீர்மானங்களை மற்ற நீதிமன்றங்கள் கேள்விக்குட்படுத்துவதை அரசியலமைப்பின் 61அ உறுப்புரை தடுக்கிறது. உயர் நீதிமன்றத்தின் அடிப்படை உரிமை நியாயாதிக்கம் மட்டும் விலக்கு.

அடிப்படை உரிமை மனுவுக்கான காலம் ஒரு மாதம். 126ஆவது உறுப்புரையின் இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் எண்ணற்றோர். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கியதோடு நிற்காதீர்கள். விசாரணை உண்மையில் நடந்ததற்கான கடிதங்களை நீதிமன்றம் எதிர்பார்க்கும்.

முகநூலில் எழுதினால் நடவடிக்கை எடுக்கலாமா?

எடுக்கிறார்கள். சமூக ஊடகக் கருத்துகள் ஒழுக்காற்றுக்கு உட்படும் என்று 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு அறிவித்தது. சங்கத்தின் கடிதத் தலைப்பில், சங்கப் பதவியில் இருப்பவர், ஊழியர் பிரச்சினை பற்றி வெளியிடும் அறிக்கைக்கும், நீங்கள் இரவு பதினொரு மணிக்கு வலயப் பணிப்பாளரைப் பற்றி இடும் பதிவுக்கும் பாதுகாப்பு ஒன்றல்ல. பாடசாலை வாட்ஸ்அப் குழுவில் எழுதியதும் திரைப்பதிவாக விசாரணை மேசைக்கு வரும்.

அமெரிக்காவில் ஆசிரியரை நீக்கவே முடியாதாம், தமிழ்நாட்டில் சங்கங்கள் பலமாம். நம் நிலை எப்படி?

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 1909இல் நியூ ஜெர்சி ஆசிரியர் பதவிப் பாதுகாப்புக்குச் சட்டம் இயற்றியது. கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டில் கிடைக்கும் பாதுகாப்பை 2014இல் ஒரு விசாரணை நீதிமன்றம் செல்லாதென்றது. 2016இல் மேன்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. அங்கும் காரணத்தோடும் விசாரணையோடும் நீக்கலாம். தமிழ்நாட்டில் 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1 இலட்சத்து 70 ஆயிரம் அரச ஊழியரும் ஆசிரியரும் ஒரேயடியாக நீக்கப்பட்டார்கள். அரச ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்கு எதிரான வழக்கில் சொன்னது. பெரும்பாலோர் பின்னர் மீள எடுக்கப்பட்டனர். பலமான சங்கம் இருப்பதும் சட்டம் துணைநிற்பதும் வேறு வேறு விடயங்கள் என்பதற்கு அது சாட்சி.

சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போயிருக்கிறேன். திரும்பத் தாமதமானால்?

2022 நெருக்கடியின்போது அரச ஊழியருக்கு 5 ஆண்டுவரை சம்பளமற்ற விடுமுறை கிடைத்தது. முடிவுத் திகதிக்கு முன் நீடிப்புக்கு விண்ணப்பித்து அனுமதிக் கடிதம் பெறாவிட்டால், அடுத்த வேலைநாளிலிருந்தே கடமைக்கு வராதவர் ஆவீர்கள். விண்ணப்பித்ததே அனுமதி என்று நினைக்கவேண்டாம். பதவி வறிதாக்கல் கடிதம் கோவையில் உள்ள வீட்டு முகவரிக்குத்தான் போகும். வீட்டார் அதைத் திறந்து படித்து அன்றே உங்களுக்குச் சொல்லும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

ஓய்வுபெற ஆறு மாதம் இருக்கிறது. விசாரணை முடியவில்லை. ஓய்வூதியம் கிடைக்குமா?

விசாரணை நிலுவையில் இருக்கும்போது 60 வயது வந்தால், ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் 12ஆம் பிரிவின் கீழ், முடிவுக்கு உட்பட்டதாக ஓய்வுபெறச் செய்வார்கள். முடிவு வரும்வரை ஓய்வூதியக் கொடுப்பனவுகள் தடைபடலாம். குற்றம் நிரூபணமானால் ஒரு பகுதி பிடிக்கப்படலாம். ஆகவே விசாரணையைத் துரிதப்படுத்தக் கேட்டு இப்போதே ஒழுக்காற்று அதிகாரிக்கு எழுதுங்கள். மாதம் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். தாமதம் உங்களால் ஏற்பட்டதல்ல என்பதற்கு அந்தக் கடிதங்களே சான்று. கூடவே விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம், எல்லாக் கடமையேற்புக் கடிதங்கள், சம்பளமற்ற விடுமுறை விபரம் ஆகியவை கோவையில் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்து வையுங்கள். விசாரணை சாதகமாக முடிந்த பிறகும் ஓய்வூதியக் கோவை திரும்பி வருவது பெரும்பாலும் இந்தத் தாள்கள் குறைவதால்தான்.